பழைய பஜெரோவும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

(ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட உரை)



வழமையாக ஜூன், ஜூலை மாதங்களில்தான் இந்த உரைப்பகுதியில் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். வருமான வரிப் படிவம், ஓய்வூதிய நிதி, பற்றுச்சீட்டுகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று, வானொலியைக் குறைத்துவிட்டுத் தேநீர் போடப் போகக்கூடிய விடயங்கள். இன்று அப்படியல்ல. ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாகனத்தை மலிவாக வாங்கித் திருத்தியெடுத்த கதையைச் சொல்லப்போகிறேன். நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் எனது பஜெரோவைக் கண்டுவிட்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இப்படி ஒன்று வாங்கலாமா, என்ன முடியும்?" விலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு விடயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விலையைச் சொன்னால் அது கணக்காளன் வேலை ஆகாது.

முதலில் எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது? மெல்பேணுக்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் தார் போட்ட றோட்டைத் தவிர வேறொன்றிலும் நான் வாகனம் ஓட்டியதில்லை. ஊரில் அப்படி இருக்கவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை நாங்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் கரும்புகை தள்ள, குண்டும் குழியுமான றோட்டில் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டினோம். அந்தக் கார்களைத் திருத்தாதவர் எவருமில்லை, பி.கொம். படித்த நானும்தான் திருத்தினேன். இங்கே வந்த பிறகு பொனற்றைத் திறப்பதே இல்லை என்றாகிவிட்டது.

இன்னொரு காரணம் என் மனைவி. ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட வளர்ந்தவ. விக்ரோறியாவின் வடமேற்கில், மர்ரே சன்செற் தேசியப் பூங்காவில் உப்பு ஏரிகள் சில இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கின்றன, அவற்றிலும் ஒரு காலத்தில் உப்பு விளைவித்து எடுத்தார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, போய்ப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தா. உப்புச் செறிந்த நீரில் வளரும் ஒருவகைப் பாசியிலுள்ள சிவப்பு நிறம்தான் அந்தத் தண்ணீருக்கு வருகிறது. மழையில்லாத நாளில் ஏரி வரைக்கும் சாதாரணக் காரிலும் போகலாம். அதற்கு அப்பால் பூங்காவின் உள்ளே போவதென்றால் மணல் பாதைகள். ஃபோர் வீல் இல்லாமல் முடியாது. "ஏரியை மட்டும் பார்த்தால் போதுமே, கேம்றியே காணுமே" என்று மனைவி சொன்னது உண்மை. நான்தான் அப்பாலும் போகவேண்டும் என்றேன்.

சரி, என்ன வாங்குவது? பலரும் சொல்வது ரொயோட்டா லாண்ட் குரூசர், அல்லது நிசான் பற்றோல். நல்ல வாகனங்கள்தான். ஆனால் 2020 இலிருந்து எல்லைகள் மூடப்பட்டு, எல்லோரும் உள்நாட்டிலேயே சுற்றுலா போகத் தொடங்கியதும் பழைய ஃபோர் வீல்களின் விலை ஏறிவிட்டது. முப்பது வருடப் பழைய லாண்ட் குரூசருக்குக் கேட்கும் விலையைப் பார்த்து, தட்டச்சில் ஒரு பூச்சியம் கூடிவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன். மற்றப் பக்கத்தில், இன்று விற்கப்படும் எஸ்.யூ.வி. வாகனங்களில் பெரும்பாலானவை பார்வைக்குத்தான் ஃபோர் வீல். அவற்றில் லோ ரேஞ்ச் எனப்படும் கீழ்க் கியர் வரிசை கிடையாது. ஆழமான மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் எஞ்சினின் பலத்தை மெதுவாகச் சக்கரத்துக்குக் கொடுப்பது அந்த வரிசைதான். அது இருக்கவேண்டும், விலையும் ஐயாயிரத்துக்குள் இருக்கவேண்டும் என்றால் மிற்சுபிசி பஜெரோ கண்ணில் படும். 2021 இல் உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டாலும் இந்த நாட்டில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன, பாகங்களும் கிடைக்கின்றன.

பஜெரோவில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பல பழைய ஃபோர் வீல்களில் நான்கு சக்கரத்தையும் இணைத்தபடி தார் றோட்டில் ஓடினால் கியர்ப் பகுதிகள் இறுகி உடைந்துவிடும். பஜெரோவின் சுப்பர் செலெக்ற் முறையில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் மழைநாளில் தார் றோட்டிலும் நான்கு சக்கரத்தில் ஓடலாம். மணலுக்குப் போகும்போது அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். அதற்கும் மேலே லோ ரேஞ்ச். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று டாஷ்போர்ட்டில் ஒரு சின்னப் படம் காட்டும். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு விளக்கு. இந்த விளக்குகளை நினைவில் வைத்திருங்கள்.

2022 செப்ரெம்பரில் ஒரு விளம்பரம் கண்டேன். 1998 ஆம் ஆண்டுப் பஜெரோ, 3.5 லீற்றர் வி6 பெற்றோல் எஞ்சின், 2 இலட்சத்து 60 ஆயிரம் கிலோமீற்றர், கேட்ட விலை 5,200 டொலர். தொலைபேசியில் அழைத்தேன். நான் இரண்டு வசனம் பேசியதும் மறுபக்கத்தில் தமிழ் வந்தது. "தம்பி, நீர் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில கதைக்கிற ஆள் அல்லோ?"

எழுபத்தெட்டு வயது. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். வன்னிக் குளக்கட்டுகளில் லாண்ட் றோவர் ஓட்டியவர். கண்பார்வை குறைகிறது, இனி ஓட்டவேண்டாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. நான் போனபோது வாகனம் கழுவித் துடைத்து வீட்டு முற்றத்தில் நின்றது. விளக்கு வைக்காத குறை.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்கவேண்டும் என்று ஒரு மாதமாகப் படித்திருந்தேன். எதையும் விட முதலில் துரு. இந்த மாதிரிப் பஜெரோவின் உடல் ஒரு இரும்புச் சாசியின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. எஞ்சின் பழுதானால் மாற்றலாம். சாசி உக்கியிருந்தால் வாகனம் முடிந்தது. கடற்கரையில் ஓட்டிக் கழுவாமல் விட்ட வாகனம் வெளியே பளபளப்பாக இருக்கும், கீழே பிஸ்கற்றாக இருக்கும். ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுத்துத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணாடி ஓரங்களைப் பார்த்தேன். சுத்தம். கடன் பாக்கி ஏதும் வாகனத்தின் மேல் உள்ளதா என்று பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் முதல்நாளே தேடிவிட்டேன். இரண்டே டொலர் செலவு, வாங்குகிற எவரும் தவறவிடக்கூடாது. றோட் வேர்தி சான்றிதழும் அவர் எடுத்து வைத்திருந்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தை: பிரேக், ஸ்ரியரிங், ரயர், விளக்கு, துரு என்று றோட்டில் ஓடப் பாதுகாப்பானதா என்பதைத்தான் அந்தச் சான்றிதழ் சொல்கிறது. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது.

பிறகு பக்கத்திலிருந்த கிரவல் றோட்டுக்கு ஓட்டிப்போனோம். தடியை ஃபோர் வீலுக்குத் தள்ளினேன். முன் சக்கர விளக்குகள் இரண்டும் நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தன. நூறு மீற்றர் போயும் நிற்கவில்லை. அதாவது முன் அச்சு இணையவில்லை.

ஐயா தன் பாட்டுக்குச் சொன்னார்: "ஒரு வருசமா இப்பிடித்தான். கராஜில ட்ரான்ஸ்ஃபர் கேஸ் திறந்து பார்க்கவேணும் எண்டு ரெண்டாயிரத்துக்கு மேல கேட்டவங்கள்."

இங்கேதான் நேயர்களே, நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. இந்த மாதிரிப் பஜெரோவில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையைக் கொண்டுதான் முன் அச்சு இணைக்கப்படுகிறது. அந்த இழுவை மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாகப் போகிறது. இருபது வருடத்தில் ரப்பர் வெடித்து, இழுவை கசிந்து, விளக்குகள் மினுங்கும். மிகச் சாதாரணமான குறைபாடு என்று நான் முதல் வாரமே படித்திருந்தேன். திரும்பி வந்து பொனற்றைத் திறந்தபோது என் கை தானாகவே அந்தக் குழாய்க்குப் போனது. வளைத்தேன். நுனியில் விரல் நகம் போகும் அளவுக்கு வெடிப்பு. கையை எடுத்துக்கொண்டேன். பொனற்றை மூடினேன்.

"ஐயா, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வேலை எண்டால் எனக்கும் பெரிய செலவு வருமே" என்றேன். பொய் என்று சொல்லமுடியாத ஒரு வசனம். 'எண்டால்' என்ற சொல்லை நான் போட்டிருந்தேன் அல்லவா? எங்கள் தொழிலில் இப்படி வசனம் அமைக்கப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். 4,000 டொலருக்கு முடிந்தது. அவர் அதிகம் பேரம் பேசவில்லை. சாவியைத் தந்தபோது, "கொப்பி டாஷ்போர்ட் பெட்டிக்குள்ள கிடக்கு, பாரும்" என்றார். திறந்து பார்த்தேன். வாகனக் கைநூலுக்குக் கீழே ஊரில் பாவிப்பது போல ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. பெற்றோல் கணக்காக இருக்கும் என்று நினைத்துப் பெட்டியை மூடினேன்.

முத்திரைத் தீர்வையும் பெயர் மாற்றமும் 210 டொலர். அடுத்த சனிக்கிழமை காலை, புதுக் குழாய்கள் 14 டொலர். இருபது நிமிட வேலை. வீதிக் கோடியில் இருக்கும் மண் தரையில் ஓட்டிப் பார்த்தேன். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்த ஐயாவுக்கு இது தெரியாதோ?" என்று கேட்டா. "தெரிந்திருந்தால் அவரே மாற்றியிருப்பார்" என்றேன். வேறொன்றும் அவ கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் விடுகிற பிழையை நானும் விட்டேன். பழைய ஃபோர் வீல் வாங்குகிறவருக்கு முதலில் ஆசை வருவது கண்ணுக்குத் தெரியும் பொருட்களில். பக்கத்தில் விரிக்கும் நிழல் கூரையும், முன்னால் பூட்டும் நீண்ட விளக்கும் வாங்கினேன், 690 டொலர். அந்த விளக்கை இதுவரை நான்கு தடவை போட்டிருப்பேன். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குக் காசு எடுக்கும்போதுதான் கை நடுங்கியது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ற் ஒவ்வொரு 100,000 கிலோமீற்றருக்கும் மாற்றவேண்டியது. அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினின் உள்ளேயே பெருஞ்சேதம் வரலாம். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற்றில்தான் சுற்றுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒருதடவைதான். 1,150 டொலர்.

ரயர்கள் புதிதுபோல இருந்தன. கொத்து ஆழமாக இருந்தது. ஆனால் ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். உங்கள் காரிலும் இருக்கிறது, இன்று போய்ப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என்னுடையதில் 3512. 2012 ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரத்தில் பிறந்தவை. பத்து வருடம் வெயிலில் நின்ற ரப்பர். கொத்துகளுக்கு இடையில் மயிரிழை வெடிப்புகள். மணலுக்குப் போகும்போது காற்றைப் பாதியாகக் குறைப்போம். அப்போது பக்கச் சுவர்தான் மடிந்து நெளியும். பழைய ரப்பர் அங்கேதான் கிழியும். ஸ்பெயருடன் ஐந்து ரயர், 1,200 டொலர். மண்வெட்டி, இழுவைப் பட்டி, காற்றழுத்தும் கருவி, மணலில் சக்கரத்தின் கீழ் வைக்கும் பலகை எல்லாம் சேர்த்து 330. இதிலே காற்றழுத்தும் கருவி கட்டாயம். காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே தார் றோட்டில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ரயர் சூடேறி வெடித்துவிடும்.

ரேடியேற்றரை நான் பார்க்கவே இல்லை. மெக்கானிக் தண்ணீர்ப் பம்பை மாற்றினாரே, அந்தப் பக்கமெல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

2023 ஏப்ரலில் புறப்பட்டோம். கால்டர் நெடுஞ்சாலையில் ஊயன் வரைக்கும், அங்கிருந்து மாலி நெடுஞ்சாலையில் மேற்கே அண்டர்பூல். ஏறத்தாழ 500 கிலோமீற்றர். வாகனம் மெல்லிய முனகலோடு அருமையாக ஓடியது. பெற்றோல் மட்டும் குடித்தது. ஏரிக்கரையில் இறங்கியபோது பின்னேரம். கரையெல்லாம் வெள்ளைப் பொருக்கு, அதற்கு அப்பால் மாதுளம் முத்தைக் கசக்கி விட்டது போல ஒரு நிறம். மனைவி குனிந்து ஒரு துண்டு உப்புப் பொருக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தா. "கைக்குது. எங்கட உப்பு இப்பிடிக் கைக்காது" என்றா. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் காலை மணல் பாதைக்குள் இறங்கினோம். ரயரில் காற்றை 18 பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, நடு டிஃபரென்ஷியலைப் பூட்டி, மெதுவாக. முதல் ஒரு மணி நேரம் எனக்கு இருபது வயது. மணல் மேடு ஒன்றில் ஏறி இறங்குவது, அடுத்ததற்கு வேகம் பிடிப்பது, இருபக்கமும் மாலி மரங்கள். கைத்தொலைபேசியில் ஒரு கோடு கூட இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய மேடு ஒன்றின் பாதியில் லோ ரேஞ்சுக்கு மாற்றி ஏறும்போது ஏதோ இனிப்பாக மணத்தது. மனைவி, "பாணி காய்ச்சின மணம் வருது" என்றா. கூலன்ற் கொதித்தால் அப்படித்தான் மணக்கும். வெப்பமானியைப் பார்த்தேன், முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

அந்த இடத்தில் செய்யவேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்காக மட்டும் என்னை நான் மெச்சிக்கொள்வேன். குளிரூட்டியை அணைத்து, ஹீற்றரை உச்சத்தில் போட்டு, எஞ்சினின் சூட்டை எங்கள் பக்கம் இழுத்து, மேட்டிலிருந்து பின்னோக்கி இறங்கி, நிழலில் நிறுத்தினேன். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவில்லை. சூடாக இருக்கும்போது அதைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கொண்டுபோன 20 லீற்றர் குடிதண்ணீரில் எவ்வளவு ரேடியேற்றருக்கு, எவ்வளவு எங்களுக்கு என்று நான் பிரித்துக் கணக்குப் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் அதைப் போல எதையும் அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. என் மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை எடுத்த நாளில் தண்ணீர் குறையக்கூடாது. "இஞ்சருங்கோ, ஒருத்தரும் வராட்டி?" என்று ஒரேயொரு தடவை கேட்டா. நாங்கள் எந்தப் பாதையில் போகிறோம் என்று நான் எவருக்கும் எழுதி வைத்துவிட்டு வரவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், அரை மணி நேர ஓய்வு, மறுபடி ஓட்டம் என்று இருள்வதற்குச் சற்று முன் கிரவல் றோட்டுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் இரவோடு இரவாக, குளிர்ந்த காற்றில், எண்பதில் ஓடி மெல்பேண்.

ரேடியேற்றரைக் கழற்றிய மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே சேறுபோல மண்ணிறக் களி. "யாரோ ஒழுக்கு அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். ஒழுக்கு நின்றுவிடும், தண்ணீர் ஓடும் துவாரங்களும் அடைபட்டுவிடும். நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது தெரியாது, மணலில் தெரியும்" என்றார். புது ரேடியேற்றர், தேர்மோஸ்ராற், ஹோஸ், கூலி எல்லாம் 780 டொலர்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என் மனைவியை அந்த வெயிலில் வைத்து, தண்ணீரைக் கோப்பை கோப்பையாக அளந்தேனே! மருந்து ஊற்றியதை மறைத்து விற்றுவிட்டாரே இந்த மனிதர், அதுவும் ஒரு தமிழர், அதுவும் என் நிகழ்ச்சியைக் கேட்கிறவர்! கராஜிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு மகிழ்ந்து, தேநீர் போடவா என்று கேட்டார். நான் நின்றபடியே சொல்லவேண்டியதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொப்பியைப் பார்க்கேல்லையே தம்பி?" என்றார்.

வாகனத்துக்குப் போய் எடுத்து வந்தேன். 2004 இல் அவர் வாகனத்தை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பதிவும் பொறியியலாளர் கையெழுத்தில். திகதி, ஓடிய கிலோமீற்றர், பெற்றோல் லீற்றர், என்ன மாற்றியது, எவ்வளவு. பின்பக்கங்களுக்குப் போனேன். 2021 ஜனவரி: ரேடியேற்றர் ஒழுக்கு, அடைக்கும் மருந்து ஒரு போத்தல். அதன் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு: 'தற்காலிகம். ரேடியேற்றர் மாற்றவேண்டும்.' அதற்குப் பிறகும் மூன்று இடத்தில், கூலன்ற் அரை லீற்றர், கூலன்ற் ஒரு லீற்றர். முப்பது வருடமாக மற்றவர்களின் புத்தகங்களைப் பார்த்துச் சம்பாதிக்கிறவன் நான். விற்றவரே கையில் தந்த புத்தகத்தை நான் திறக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில், வாகனத்தை நான் வாங்குவதற்கு இரண்டு மாதம் முந்திய ஒரு பதிவு. 'முன் விளக்கு மினுங்கல். வேக்கும் குழாயாக இருக்கலாம். பார்க்கவேண்டும்.' கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாத கண்ணோடு அவரால் அந்தக் குழாய்களைத் தேட முடியவில்லை.

நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொன்னார்: "நீர் பொனற்றைத் திறந்து அதில கை வைச்சதைப் பார்த்தனான். சொல்லுவீர் எண்டு நிண்டனான். நீர் மூடிப்போட்டீர். நானும் விட்டிட்டன்."

"ஏன் ஐயா கேட்கேல்லை?"

"கேட்டு என்ன?"

தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்க்கு 14 டொலர் என்பது அவவுக்கு ஏற்கனவே தெரியும். விலையில் நான் எவ்வளவு குறைத்தேன் என்பதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். "அந்தாளும் ரேடியேற்றரை வாயால சொல்லியிருக்கலாம்தானே" என்று எனக்குச் சாதகமாக ஒரு நியாயத்தை எடுத்துத் தந்தா. நானும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். எழுதித் தந்தது சொன்னதற்குச் சமமா, இல்லையா? சட்டத்தரணிகளுக்கு நல்ல கேள்வி. எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவருமாகப் போனோம். ஒரு உறையில் 1,200 டொலர். வாங்கமாட்டார், வேண்டாம் தம்பி என்று திருப்பித் தருவார், வீடு திரும்பும்போது மனமும் ஆறும் காசும் மிஞ்சும் என்று உள்ளே ஒரு மூலையில் நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் உறையைத் திறந்தார். காசை முகத்துக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார். கொப்பியை வாங்கி, தன்னுடைய கடைசிப் பதிவுக்குக் கீழே திகதி போட்டு, '1,200 டொலர் பெற்றுக்கொண்டேன்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகுதான் தேநீர் வந்தது.

ஏரி என்ன நிறம் என்று என் மனைவியிடம் கேட்டார். அவ சொன்னா. உப்புக் கைக்கிறது என்றும் சொன்னா. ஆனையிறவில் உப்பு வாருவதை இளம் பொறியியலாளராக நின்று பார்த்ததை அவர் சொல்லத் தொடங்க, இருவரும் என்னை மறந்துவிட்டார்கள்.

ஆகவே, என்ன முடியும் என்று கேட்ட மூன்று நேயர்களுக்கும் கணக்கு இதுதான். கொள்விலை 4,000. பெயர் மாற்றம் 210. குழாய் 14. பெல்ற்றும் பம்பும் 1,150. ரயர் 1,200. நிழல் கூரையும் விளக்கும் 690. மண்வெட்டி முதலியன 330. ரேடியேற்றர் 780. திருப்பிக் கொடுத்தது 1,200. மொத்தம் 9,574 டொலர். பெற்றோலும் காப்புறுதியும் இதில் சேரவில்லை. இது வேலைக்குப் பாவிக்கும் வாகனமல்ல. ஆகவே வரியில் ஒரு சதமும் கழிக்க முடியாது. அதையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

கொப்பி இன்னும் டாஷ்போர்ட் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இப்போது என் கையெழுத்தில் ஏழு பக்கம் ஓடிவிட்டது. போன வாரம் எழுதியது: 'முன் இடது சக்கரம், குழியில் விழும்போது டொக் என்ற சத்தம். போல் ஜொயின்ற்றாக இருக்கலாம். பார்க்கவேண்டும்.' நாளை திங்கட்கிழமை கராஜுக்குக் கொண்டுபோகிறேன்.